உறவுமுறை: நண்பர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வு பற்றி உங்கள் நாளிதழில் வரும் பக்கங்களைத் தவறாமல் படிக்கிறேன். பென்ஷன், டெபாசிட், மருத்துவக் காப்பீடு, சுற்றுலா என்று எல்லாம் நல்ல விவரத்தோடு வருகின்றன. ஆனால் எல்லாக் கணக்கும் கணவன், மனைவி, பிள்ளை என்ற மூவரை வைத்தே போடப்படுகிறது. அந்த மூவரும் இல்லாத ஒருவர் அந்தப் பக்கத்தை மடித்து வைக்கும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை.

தன்பால் ஈர்ப்பு கொண்ட, கல்யாணம் செய்துகொள்ளாத, அறுபதைத் தாண்டிய ஆண்கள் நம் ஊர்களில் நிறையவே இருக்கிறோம். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு வைத்துக்கொள்ளும் உறவை இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து விடுவித்தது. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் திருமண உரிமை கிடைக்கவில்லை. ஆக, சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. சேர்ந்து வாழ்ந்தவருக்குச் சட்டத்தில் பெயரும் இல்லை. துணை என்று யாரும் இல்லாமல் நாலு நண்பர்களை நம்பி இருப்பவருக்கும் இதே நிலைதான். எந்தப் படிவத்தை எடுத்தாலும் ‘உறவுமுறை’ என்று ஒரு கட்டம் வரும். அதில் ‘நண்பர்’ என்று எழுதினால் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியவனும்கூட என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

வங்கியில் செல்லும். நாமினி ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. பால்புதுமையர் (தன்பால் ஈர்ப்பு கொண்டவர்கள் உள்ளிட்டோர்) கூட்டுக் கணக்கு தொடங்கவும், துணைவரை நாமினியாகப் போடவும் எந்தத் தடையும் இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28 அன்று அறிவிப்பே வெளியிட்டது. கவுன்டரில் “சொந்தக்காரங்க பேர் சொல்லுங்க சார்” என்றால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். டெபாசிட்டாக இருந்தால் ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று பிரிக்கலாம், அல்லது ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவர் என்று வரிசைப்படுத்தலாம். லாக்கருக்கு வரிசை மட்டும்தான். பதிவானதற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். பாஸ்புக்கிலும் டெபாசிட் ரசீதிலும் நாமினி பதிவு செய்யப்பட்டது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். நெட் பேங்கிங்கில் புதிதாகப் போடும் டெபாசிட்டில்தான் இது அதிகம் விட்டுப்போகிறது. சேமிப்புக் கணக்கின் நாமினி தானாக வந்திருப்பார் என்று நினைத்துவிடுகிறோம்.

கூட்டுக் கணக்கில் பலரும் பயப்படுவது, நண்பர் இன்றைக்கே பணத்தை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காக. அதற்கு ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்ற முறை இருக்கிறது. முதல் பெயர்க்காரர் உயிரோடு உள்ளவரை அவர் மட்டுமே கணக்கை இயக்கலாம். அவருக்குப் பின்தான் இரண்டாமவர். ‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்றால் இருவரில் யாரும் எப்போதும் எடுக்கலாம். இரண்டுக்கும் உள்ள இந்த ஒரு சொல் வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். நாம் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் யாராவது பணம் எடுக்க வேண்டுமே என்பதற்காக, மூன்று நாலு மாதச் செலவுக்கான தொகையை மட்டும் ‘ஐதர்’ கணக்கிலும், மீதியை ‘ஃபார்மர்’ முறையிலும் வைப்பது என் கருத்தில் சரியான ஏற்பாடு.

அஞ்சலகத்தில் பாதி செல்லும், பாதி செல்லாது. மாத வருமானத் திட்டத்தில் நண்பரோடு கூட்டுக் கணக்கு தொடங்கலாம். தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் உச்சவரம்பு. ஆனால் 30 லட்சம் வரை போடக்கூடிய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் கூட்டுக் கணக்கு கணவன் மனைவிக்கு மட்டும்தான். அங்கே நண்பர் நாமினியாக இருக்கலாம், அவ்வளவே.

வருங்கால வைப்பு நிதியில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தத் திட்டத்தின் கணக்கில் ஓர் ஆணின் ‘குடும்பம்’ என்பது மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர், இறந்த மகனின் மனைவி மக்கள். குடும்பம் இருக்கிற வரை வெளியாளை நாமினியாகப் போட்டால் செல்லாது. குடும்பம் இல்லையென்றால் யாரையும் போடலாம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை இந்த வரையறைக்குள் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இணையத்தில் நாமினேஷன் போடும்போது குடும்பம் உண்டா என்று கேட்கும்; சார்ந்திருக்கும் பெற்றோரும் இல்லாதவர் ‘இல்லை’ என்று போட்டால்தான் நண்பரின் பெயரைச் சேர்க்க முடியும். வேலையில் சேர்ந்த வருஷம் அம்மா பெயரைப் போட்டுவிட்டு, அம்மா போய்ப் பத்து வருஷமாகியும் மாற்றாமல் இருப்பவர்கள்தான் அதிகம். ஓய்வுக்கு இன்னும் ஓரிரு வருஷம் இருப்பவர்கள் இதை இன்றே பாருங்கள். ஆயுள் காப்பீட்டிலும் அதே கதை. பழைய பாலிசியில் நாமினியை எப்போது வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்து மாற்றலாம். அரசுப் பணியாளரின் குடும்ப ஓய்வூதியம் மட்டும் நண்பருக்கோ ஆண் துணைவருக்கோ போகவே போகாது. அதற்கு இன்றைக்கு எந்த வழியும் இல்லை.

இத்தனையும் சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். நாமினி பணத்தை வாங்குபவர், சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. காப்பீட்டுப் பணத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1983இலேயே இப்படிச் சொன்னது, பங்குகளைப் பற்றி 2023 டிசம்பரில் மறுபடியும் சொன்னது. 2015இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தியபோது பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகளுக்கு மட்டும் பணம் முழுதாகச் சொந்தம் என்று ஆக்கினார்கள். நண்பர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் வாங்கிய பணத்தை வாரிசுகள் கேட்டு வழக்குப் போடலாம். எனவே நாமினியும் உயிலும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும்.

உயில் இல்லாமல் போனால் யாருக்குப் போகும்? இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன்படி மனைவி மக்கள் இல்லாத ஆணின் சொத்து முதலில் தாய்க்கு. தாய் இல்லையென்றால் தந்தைக்கு. அவரும் இல்லையென்றால் உடன்பிறந்தோருக்குச் சமமாக. உடன்பிறந்தோரில் ஒருவர் உயிரோடு இருந்தால்கூடப் போதும், முன்பே இறந்துபோன இன்னோர் உடன்பிறப்பின் பிள்ளைகளுக்குப் பங்கு வராது. இருபது வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத அக்கா முழு வீட்டையும் எடுத்துக்கொள்வதும், கடைசிவரை சோறு கொண்டுவந்து கொடுத்த, இறந்துபோன தம்பியின் மகன் வெளியே நிற்பதும் இப்படித்தான். யாருமே இல்லையென்றால் சொத்து அரசாங்கத்துக்குப் போகும். கிறிஸ்தவர்களுக்கு வேறு வரிசை. முஸ்லிம்கள் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியாருக்கு உயில் எழுத முடியாது.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, கடைசியில் தேதி, இரண்டு சாட்சிகள். சாட்சிகளின் கண்ணெதிரே கையெழுத்துப் போடுங்கள், அவர்களும் உங்கள் முன்னால் போடட்டும். சொத்துப் பெறுபவர் சாட்சியாக நிற்க வேண்டாம். உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர்களாகப் பாருங்கள். பின்னாளில் தகராறு வந்தால் நீதிமன்றத்தில் ஒரு சாட்சியாவது வந்து சொல்ல வேண்டும், அறுபத்தைந்து வயதுக்காரர் எழுபது வயதுக்காரரைச் சாட்சிக்கு வைத்தால் அதற்கு ஆள் இருக்காது. சுயநினைவோடு இருக்கிறார் என்று அன்றைய தேதியில் ஒரு டாக்டர் சான்று வாங்கிக்கொண்டால் பலம். வீட்டுக்குக் கதவு எண் மட்டும் எழுதினால் போதாது. பத்திர எண், சர்வே எண், பட்டா எண் மூன்றும் வேண்டும். டெபாசிட்டுக்கு நேர்மாறு: ரசீது எண்ணை எழுதாதீர்கள், புதுப்பிக்கும்போது அது மாறிவிடலாம். “இன்ன வங்கி, இன்ன கிளையில் என் பெயரில் உள்ள எல்லா டெபாசிட்டும்” என்று எழுதுங்கள்.

ரத்த சொந்தத்தை விட்டுவிட்டு வெளியாளுக்கு எழுதும் உயிலை நீதிமன்றம் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். அதனால் காரணத்தை ஒரு வரி எழுதிவிடுங்கள். “என் உடன்பிறந்தோர் வசதியாக இருக்கிறார்கள், என்னை இத்தனை ஆண்டுகளாகக் கவனித்துக்கொள்பவர் இவர்” என்றால் போதும். யாரோடு எப்படி வாழ்ந்தோம் என்பதையெல்லாம் எழுத வேண்டிய அவசியமில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது கட்டாயமில்லை, ஆனாலும் எங்களைப் போன்றவர்கள் பதிந்தே ஆக வேண்டும் என்பேன். மாவட்டப் பதிவாளரிடம் மூடி முத்திரையிட்ட உறையில் ஒப்படைத்து வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடலாமே என்று சிலர் நினைப்பார்கள். உறவினர் அல்லாதவருக்கு ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால், வாங்கியவர் முழுத் தொகைக்கும் வருமான வரி கட்ட வேண்டும். அதையே உயில் மூலம் பெற்றால் வரி இல்லை. வீட்டை எழுதிக் கொடுத்தால் குடும்பத்தாருக்குள்ள முத்திரைக் கட்டணச் சலுகையும் நண்பருக்குக் கிடைக்காது. அண்ணன் மகனுக்கோ அக்கா மகனுக்கோ தானசெட்டில்மென்ட் எழுதுகிறவர்கள், “என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்” என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பராமரிக்காவிட்டால் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், 23ஆம் பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் போய்ப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லலாம். வாய் வார்த்தையாக வாங்கிய உறுதியை வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றால் வழக்கு இழுத்துக்கொண்டே போகும்.

இனி ஆஸ்பத்திரி. தனியாக இருப்பவருக்கு மிகுந்த பயம் இங்கேதான். நினைவோடு இருக்கும் வயது வந்த நோயாளியின் கையெழுத்தே அவருடைய சிகிச்சைக்குப் போதுமான சம்மதம். அட்டெண்டர் வேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் நிர்வாகத் தேவை. மருந்து வாங்க, பில் கட்ட, ராத்திரி பக்கத்தில் இருக்க ஆள் வேண்டுமே. அந்த ஆள் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் அட்மிஷன் நேரத்தில் இதைப் பேசிக்கொண்டிருக்க முடியாது. எனவே வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியில் சாதாரண ஓ.பி. நாளிலேயே ஒரு கடிதம் கொடுத்துக் கேஸ் ஷீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். அதில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: என் நோய் பற்றிய தகவலை இன்னாரிடம் சொல்லலாம், நான் பேச முடியாத நிலையில் முடிவு பற்றி இவரைக் கலந்துகொள்ளுங்கள், டிஸ்சார்ஜும் பில்லும் இவர் பார்ப்பார். இரண்டு பெயர், இரண்டு கைபேசி எண். இரண்டாவது ஆள் இளையவராக இருக்கட்டும். கண்புரை, கொலனோஸ்கோபி (பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்ப்பது) போன்ற ஒரு நாள் சிகிச்சைக்குக்கூட அழைத்துப்போக ஆள் வந்தால்தான் வீட்டுக்கு விடுவார்கள் என்பதால், தேதி குறிக்கும் முன் அந்த இருவரில் யாருக்கு வசதி என்று கேட்டுவிடுங்கள்.

நினைவு திரும்பாத நிலை வந்தால் யார் முடிவெடுப்பது என்பதற்கு முன்கூட்டிய மருத்துவ உயில் எழுதலாம். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9இல் இதை ஏற்றது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரி 24இல் எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்து, அவ்வளவுதான். வென்டிலேட்டர், டயாலிசிஸ், குழாய் வழி உணவு என்று எவை வேண்டாம் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். “தேவையில்லாத சிகிச்சை வேண்டாம்” என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் டாக்டரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒருவருக்கு மேற்பட்டவரின் பெயரைக் கொடுக்கலாம், கொடுங்கள். உள்ளாட்சி அமைப்பின் உரிய அதிகாரியிடம் ஒரு பிரதி, குடும்ப டாக்டரிடம் ஒன்று, பெயர் சொன்னவர்களிடம் ஒவ்வொன்று.

இதற்குப் பதில் பவர் பத்திரம் போதும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். போதாது. கொடுத்தவர் இறந்தால் பவர் செத்துவிடும். கொடுத்தவருக்குச் சித்தம் தெளிவில்லாமல் போனாலும் ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி முடிந்துவிடும். அதாவது மறதி நோய் முற்றி, உண்மையிலேயே ஒருவர் உதவி தேவைப்படுகிற அன்றைக்கு அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. மனநல சிகிச்சைக்கு மட்டும் நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், வயது வந்த எவரையும் நம் பிரதிநிதியாக வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்க அனுமதிக்கிறது. பாலியல் ஈர்ப்பை வைத்துச் சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பதையும் அதே சட்டம் எழுத்திலேயே சொல்கிறது. மனம் சோர்ந்துபோகும் நாட்களில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மருத்துவக் காப்பீடு அறுபத்தைந்தைத் தாண்டினால் கிடைக்காது என்ற பழைய நினைப்பை விட்டுவிடலாம். 2024 ஏப்ரல் 1 முதல் வயது வரம்பு நீக்கப்பட்டது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். அறுபது வயதைக் கடந்தவர்களுக்குப் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் தன்னிஷ்டப்படி ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. எச்ஐவி இருந்தால் அதை மறைத்துப் பாலிசி எடுக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் மாரடைப்புக்குக் கேட்ட க்ளெய்மையும் மறுப்பார்கள். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் தரும் ஆயுஷ்மான் அட்டைக்கு ஆதார் போதும்.

உடம்பைப் பற்றிச் சிலவற்றை வெளிப்படையாகவே எழுத வேண்டியிருக்கிறது. அறுபத்தைந்து வயது ஆள் எடை குறைந்தாலும், அக்கி வந்தாலும், சர்க்கரை, வயது என்றுதான் பெரும்பாலும் நினைப்பார்கள். எச்ஐவி சோதனையை யாரும் தானாக எழுதுவதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். “எனக்கு ஆண்களோடு உறவு உண்டு, அதற்குத் தேவையான ரத்தப் பரிசோதனையை எழுதுங்கள்” என்ற ஒரு வாக்கியம் போதும். டாக்டரிடம் சொல்லத் தயக்கம் என்றால் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போகலாம். இலவசம், ரகசியம் காப்பது சட்டப்படி அவர்கள் கடமை. எச்ஐவியோடு சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி இல்லையென்றால் தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. எச்ஐவி பற்றிய சந்தேகங்களுக்கு 1097 என்ற உதவி எண் இருக்கிறது.

மார்புவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை பல வீடுகளில் சட்டைப்பையிலேயே இருக்கும். ஆண்மைக்கான வயாகரா வகை மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரமும், தடாலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரமும் சார்பிட்ரேட் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்குகிறவர்கள் இதை யாரிடமும் சொல்வதில்லை. அவசரத்தில் ஆம்புலன்ஸ் வந்தால் வெட்கப்படாமல் எந்த மாத்திரை, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் முதலில் கொடுக்கப் பார்ப்பதே சார்பிட்ரேட்டாக இருக்கலாம். ‘பாப்பர்ஸ்’ என்று முகரும் திரவமும் வயாகரா வகையோடு சேர்ந்தால் இதே ஆபத்துதான்.

எச்ஐவி சிகிச்சைக்கான ஏ.ஆர்.டி. மையத்தில் தரும் கூட்டு மாத்திரையில் உள்ள டோலுடெகிராவிர், சர்க்கரைக்கான மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். இரண்டும் சாப்பிடுகிறவர்களுக்கு மெட்ஃபார்மின் பொதுவாக நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சர்க்கரை டாக்டருக்கும் ஏ.ஆர்.டி. டாக்டருக்கும் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிய வேண்டும். வயிற்றெரிச்சலுக்கு விழுங்கும் ஆன்டாசிட், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் டோலுடெகிராவிரை உடலில் சேரவிடாது. அதைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இவற்றைச் சாப்பிடலாம்; இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டால் ஆறு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். பிராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. சோதனைக்கு முன் இரண்டு நாள் விந்து வெளியேறாமலும், சைக்கிளில் கடுமையாக மிதிக்காமலும் இருக்க வேண்டும். ஆசனவாய் வழி உறவுக்கு ஒரு வாரம் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் எண் ஏறிக் காட்டி, தேவையில்லாமல் பயாப்ஸி வரை இழுத்துப் போகும்.

பயணம் எங்களைப் போன்றவர்களுக்கு ஓய்வுக்காலத்தின் பெரிய சந்தோஷம். பிள்ளைகளின் பரீட்சை, பேரனின் காதுகுத்து என்று எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ரயிலில் முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு போய்விட்டது. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. அறுபது நிறைந்த ஆண் தனியாகவோ, தகுதியுள்ள இன்னொருவரோடு சேர்ந்து இருவராகவோ டிக்கெட் போட்டால்தான் அது பொருந்தும். நான்கு நண்பர்கள் போகிறோம் என்றால் ஒரே டிக்கெட்டாகப் போடாமல் இரண்டு இரண்டாகப் போடுங்கள். டூர் நிறுவனங்கள் சொல்லும் விலை இருவர் ஓர் அறை என்ற கணக்கில் இருக்கும். தனி அறைக்கு எவ்வளவு கூடுதல், முன்பின் தெரியாத ஒருவரோடு அறையைப் பகிரச் சொல்வார்களா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள்.

அமர்நாத்துக்கும் அரசு நடத்தும் கைலாஷ் மானசரோவர் யாத்திரைக்கும் எழுபது வயதுதான் எல்லை; கைலாஷுக்கு உடல் எடைக் குறியீடு 25க்குள் இருக்க வேண்டும். போகும் வழியில் சீனப் பகுதியில் இறந்தால் அங்கேயே தகனம் செய்யச் சம்மதம் என்று கைலாஷ் யாத்ரீகர் எழுதித் தர வேண்டியிருக்கும். போகிற எண்ணம் உள்ளவர்கள் அறுபத்தைந்திலேயே போய்வாருங்கள்.

வெளிநாடு என்றால் டிக்கெட்டுக்கு முன்னால் அந்த நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். நம்மவர்கள் அதிகம் போகும் நான்கு நாடுகளிலேயே நிலைமை வேறு வேறு. சிங்கப்பூரில் 377ஏ பிரிவு 2023 ஜனவரியில் நீக்கப்பட்டது. மலேசியாவில் சட்டம் அப்படியே இருக்கிறது, இருபது ஆண்டு சிறையும் பிரம்படியும் வரை போகும். இலங்கையில் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் புத்தகத்தில் உள்ளன. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் திருமணமே செல்லும். வளைகுடா நாடுகளுக்கும் மாலத்தீவுக்கும் போகும்போது டேட்டிங் ஆப்களையும் அந்தரங்கப் படங்களையும் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டுக் கிளம்புங்கள். டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகளுக்கு ஐக்கிய அரபு எமிரேட்ஸில் முன் அனுமதி தேவை. கோடீன், தூக்க மாத்திரை வகைகளுக்குச் சிங்கப்பூரிலும் கட்டுப்பாடு உண்டு. மருந்துகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு, மூலப்பெயர் எழுதிய சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலின் சரக்கு அறையின் குளிரில் உறைந்தால் கெட்டுவிடும், அதனால் அதுவும் கைப்பையில்தான். நாட்கள் எத்தனையோ, அதற்கு மேல் பத்து நாளுக்கான மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன தருவார்கள், உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு சேர்ந்திருக்கிறதா என்ற இரண்டு வரிகளை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

டேட்டிங் ஆப் மூலம் வரவழைத்து, படம் எடுத்து, பணம் பறிக்கும் கூட்டம் வயதானவர்களைத்தான் குறிவைக்கிறது. பென்ஷன் வரும், வெளியே சொல்ல மாட்டார் என்ற கணக்கு. “போலீசுக்குப் போவோம்” என்று அவர்கள் மிரட்டினால் பயப்பட எதுவுமில்லை; பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 என்ற பிரிவே கிடையாது. மிரட்டிப் பணம் பறிப்பதுதான் குற்றம், 308ஆம் பிரிவு. ஒரு முறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் அந்த மணி நேரத்திலேயே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்து யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. அரட்டையை அழிக்க வேண்டாம், அது சாட்சி. காவல் நிலையத்தில் நம்மையே துன்புறுத்தினால், அதைத் தடை செய்யும் 24-சி விதி தமிழ்நாடு காவல் சார்நிலை அதிகாரிகளின் நடத்தை விதிகளில் 2022இல் சேர்க்கப்பட்டிருக்கிறது. முதல் முறை பழகும் ஆளை வீட்டுக்கு அழைக்காமல் பொது இடத்தில் பார்ப்பதும், போகுமிடத்தை ஒரு நண்பரிடம் சொல்லிவிட்டுப் போவதும் நல்லது.

கடைசிக் காரியம் யார் செய்வது என்பதும் எழுதி வைக்க வேண்டிய விஷயம்தான். நெருங்கிய உறவினர் கிடைக்காதபோது துணைவர் உடலைப் பெற வழி செய்யும்படி மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியது. குடும்பம் உருவாகத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. ஆனாலும் உறவினர் வந்து நின்றுவிட்டால் நண்பர் ஒதுங்கத்தான் வேண்டியிருக்கிறது. தகனமா, அடக்கமா, எந்த மயானம், செலவுக்குப் பணம் எங்கே என்று ஒரு தாளில் எழுதி, அதன் பிரதியை உறவினரில் நல்ல மனம் உள்ள ஒருவரிடம் இப்போதே கொடுத்து வையுங்கள். கண் தானம் என்றால் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். உடல் தானத்துக்கு நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும், ஒப்படைக்கிறவர்கள் மறுத்தால் மருத்துவக் கல்லூரி வற்புறுத்தாது.

இந்தத் தாள்கள் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். பீரோ லாக்கரில் வைத்தால் பயனில்லை. சாவி எங்கே என்று தெரிவதற்குள் தேவை முடிந்திருக்கும். வங்கி லாக்கர் அதைவிட மோசம். பார்க்கக் கூடிய இடத்தில் உறை, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மருந்துப் பட்டியலும் இரண்டு கைபேசி எண்ணும், பக்கத்து வீட்டில் ஒரு சாவி.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓய்வூதியப் பக்கத்தில் கேள்வி பதில் வரும்போது, ‘திருமணமாகாத மூத்த குடிமகன், நாமினி: நண்பர்’ என்ற ஒரு கேள்வியையும் எடுத்துக்கொண்டு வல்லுநர்களிடம் கேட்டுப் போடுங்கள். எங்களில் பலர் இந்தக் கேள்வியை எழுதி அனுப்ப மாட்டோம். ஆனால் வந்தால் வெட்டி வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
திருச்சி
(பெயர் வெளியிட வேண்டாம்)